நிற்கும் மரமும் விற்கும் மரமும்: பின்லாந்து, காபோன் நாடுகளின் தலாவீத மரவளம்

ஒரு நாட்டுக் காட்டில் உள்ள மரத்துக்கெல்லாம் விலை போட்டு, அந்தத் தொகையை மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு வரும்? கேட்பதற்கு எளிய கேள்வி. உலக வங்கி இதற்கு விடை கணக்கிட்டு வருகிறது. நாடுகளின் செல்வத்தை ஆண்டு உற்பத்தியைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், இயற்கை மூலதனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அது 2006இல் வெளியிட்ட அறிக்கையிலும், அடுத்தடுத்து வந்த பதிப்புகளிலும் மரவளத்துக்குத் தனி இடம் உண்டு. எண்ணெய், கனிமம், விளைநிலம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றோடு காட்டு மரத்துக்கும் ஆளுக்கு இத்தனை டாலர் என்று ஓர் எண் வந்து நிற்கும்.

அந்த எண் எதை அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதை ஆராய, காட்டால் மூடப்பட்டவையும் மக்கள்தொகை குறைந்தவையுமான இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்கிறேன். வட ஐரோப்பாவின் பின்லாந்து ஒன்று; நடு ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நிலநடுக்கோட்டின் மேல் கிடக்கும் காபோன் மற்றொன்று. இரண்டின் காட்டுப் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2020இல் வெளியிட்ட காட்டுவள மதிப்பீட்டின்படி பின்லாந்தில் சுமார் 2.24 கோடி ஹெக்டேர், காபோனில் சுமார் 2.35 கோடி ஹெக்டேர். பின்லாந்தின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் காபோனின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டியும் காடு இருக்கிறது.

நிற்கும் மரத்தின் கணக்கு

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். காபோனில் சுமார் 24 லட்சம். வகுத்துப் பார்த்தால் பின்லாந்துக்காரர் ஒருவருக்கு 4 ஹெக்டேர், அதாவது 10 ஏக்கர் காடு. காபோன்காரர் ஒருவருக்கு ஏறத்தாழ 10 ஹெக்டேர், 25 ஏக்கர் வரை. (இந்தியாவில் இதே கணக்கைப் போட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு சென்ட் தேறும்.)

பரப்பைவிட மரத்தின் கன அளவைப் பார்ப்பது இன்னும் பொருத்தம். பின்லாந்தின் காடுகளில் நிற்கும் மரத்தின் இருப்பு சுமார் 250 கோடி கன மீட்டர். ஆளுக்கு 450 கன மீட்டர் அளவில் வரும். காபோனின் மழைக்காடு அடர்ந்தது. ஹெக்டேருக்கு 200 கன மீட்டர் என்று கையைச் சுருக்கி வைத்துக்கொண்டாலும் மொத்தம் 470 கோடி கன மீட்டர் ஆகிறது; ஆளுக்கு 1,900 கன மீட்டருக்கு மேல். இந்தக் கணக்கில் காபோன்காரர் பின்லாந்துக்காரரைவிட நான்கு மடங்கு மரச் செல்வர்.

விற்கும் மரத்தின் கணக்கு

செல்வக் கணக்காளர்கள் நிற்கும் மரத்தை எண்ணுவதில்லை. அவர்கள் முறை வேறு. ஆண்டுதோறும் வெட்டி விற்கப்படும் மரத்தின் விலையிலிருந்து வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி முதலான செலவைக் கழித்தால் மிஞ்சுவது வாரம்: ரிகார்டோவிடமிருந்து நமது பொருளியல் பாடநூல்களுக்கு வந்து சேர்ந்த அதே வாரம். அந்த வாரம் இனி வரும் ஆண்டுகளிலும் வரும் என்று கொண்டு, வருங்காலத் தொகைகளுக்கு வட்டம் கழித்து இன்றைய மதிப்பாகச் சுருக்கினால் அதுவே மரவளம். வெட்டு வளர்ச்சிக்குள் அடங்கினால் வருமானம் தொடரும் என்று கொள்வார்கள். வளர்ச்சியை மீறினால் காடு தீரும் ஆண்டைக் கணித்து அத்தோடு கணக்கை முடிப்பார்கள். உலக வங்கி வழக்கமாகக் கையாண்ட கழிவு வீதம் 4 விழுக்காடு.

இந்த முறையை இரண்டு நாடுகளுக்கும் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். பின்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி கன மீட்டர் மரம் வெட்டப்படுகிறது. நிலைமரத்துக்கு, அதாவது வெட்டுவதற்கு முன் வேரோடு நிற்கும் மரத்துக்கு, உரிமையாளர்கள் பெறும் தொகை ஆண்டுக்கு 200 கோடி யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 357 யூரோ. நூறு ஆண்டுக்கு 4 விழுக்காடு கழித்தால் ஆண்டு வருமானத்தைப் போல் 24.5 மடங்கு கிடைக்கும். ஆக, தலாவீத மரவளம் சுமார் 8,750 யூரோ.

காபோனில் ஆண்டுக்கு 30 லட்சம் கன மீட்டர் வெட்டு என்றும், செலவு போகக் கன மீட்டருக்கு 50 யூரோ மிஞ்சுகிறது என்றும் எடுகோளாகக் கொள்வோம். ஆண்டுக்கு 15 கோடி யூரோ. ஆளுக்கு 62 யூரோ சொச்சம். இன்றைய மதிப்பு 1,530 யூரோ. எடுகோளை இரட்டிப்பாக்கி கன மீட்டருக்கு 100 யூரோ என்றாலும் 3,060ஐத் தாண்டாது.

நான்கு மடங்கு மரம் வைத்திருப்பவரின் மரவளம், கணக்குப் புத்தகத்தில் மற்றவருடையதில் ஏறத்தாழ ஆறில் ஒன்றாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கிவிடுகிறது. கணக்கில் பிழை இல்லை. இரண்டு கணக்குகளும் எண்ணுவது வெவ்வேறு பொருள்களை. வெட்டாத காட்டுக்கு இரண்டாம் கணக்கில் மதிப்பே கிடையாது. ஒரு நாடு அடுத்த ஆண்டு கூடுதலாக வெட்டத் தொடங்கினால், அந்த வெட்டு வளர்ச்சிக்குள் அடங்கும் வரை, அதன் ‘மரவளம்’ பெருகியதாகவே பதிவாகும்.

தண்ணீருக்கு எட்டிய மரம்

மரம் எப்போது செல்வமாகிறது? காபோனின் வரலாறு இதற்கு நேரடியான விடை வைத்திருக்கிறது. 1913இல் லம்பரேனேவுக்கு மருத்துவராக வந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர், 1921இல் வெளியிட்ட தம் நூலில் மரம் வெட்டுவோரையும் தெப்பம் ஓட்டுவோரையும் பற்றித் தனி இயலே எழுதியிருக்கிறார். ஆற்றுக்கோ ஏரிக்கோ உருட்டிக் கொண்டுவரக்கூடிய தொலைவில் உள்ள மரத்துக்குத்தான் மதிப்பு. காட்டின் உள்ளே எவ்வளவு நேர்த்தியான மரம் நின்றாலும் பயனில்லை என்பதை அவர் விளக்குகிறார். காபோனின் முதன்மை வணிக மரமான ஒக்குமே இலகுவானது, தண்ணீரில் மிதக்கும். அதனாலேயே ஓகோவே ஆற்றில் தெப்பமாகக் கட்டி போர்ட் ஜென்டில் துறைமுகம் வரை கொண்டுபோக முடிந்தது. மூழ்கும் கடினமரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கடலோரக் காடுகள் முதலில் வெட்டுப்பட்டதற்கும் உட்காடு நெடுங்காலம் தப்பியதற்கும் காரணம் தண்ணீருக்கும் மரத்துக்கும் இடையிலான தொலைவுதான். கடலோர ஓவென்டோவிலிருந்து உள்நாட்டுப் பிரான்ஸ்வில் வரை 1986இல் முழுமையடைந்த ரயில்பாதை வந்த பிறகே உட்காட்டு மரத்துக்கு வழி பிறந்தது. ஒரு மரம்கூடப் புதிதாக முளைக்காமலே, தண்டவாளம் போட்டதால் நாட்டின் மரவளம் பெருகியது.

பின்லாந்தும் இந்தப் பாதையில் வந்ததுதான். அங்கும் ஆறுகளே மரத்தைச் சுமந்தன. வடக்கே கெமி ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிடுவது 1991 வரை நடந்தது. இன்று காட்டுச் சாலைகளின் நீளம் 1 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். எட்டாத காடு என்று அங்கே அநேகமாக எதுவும் மிச்சமில்லை. இரண்டு நாட்டுத் தலாவீத எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டில் கணிசமான பங்கு மரத்துக்கு உரியதன்று, சாலைக்கு உரியது.

இன்னொரு பங்கு காட்டின் இயல்புக்கு உரியது. பின்லாந்தின் மர இருப்பில் பாதி பைன், ஏறக்குறைய 30 விழுக்காடு ஸ்ப்ரூஸ், மற்றதில் பெரும்பகுதி பிர்ச். ஒரு காட்டை முழுவதும் வெட்டி, நட்டு, 60 முதல் 100 ஆண்டுகளில் மறுபடி வெட்டலாம். எல்லா மரத்துக்கும் வாங்குவோர் உண்டு. பருத்தது அறுப்பு ஆலைக்குப் போகும், மெலிந்தது காகிதக் கூழுக்குப் போகும். காபோனின் மழைக்காட்டில் மர இனங்கள் நூற்றுக்கணக்கில் கலந்து நிற்கின்றன. சந்தை கேட்பது மிகச் சிலவற்றை. ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மரத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டிவிட்டு, 20 அல்லது 25 ஆண்டுகளுக்குப் பிறகே அந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள முறை. 2001ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் இதைத் திட்டமிட்டுச் செய்யுமாறு கட்டாயப்படுத்தியது. ஆகவே ஆளுக்கு 1,900 கன மீட்டர் என்று நான் முன்னே சொன்ன எண்ணும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. அதில் பெரும்பகுதிக்கு இன்றைக்கு விலையே கிடையாது. நாளைக்கு ஏதோ ஓர் இனத்துக்குச் சந்தை பிறந்தால் அந்த மரம் ‘வளமாக’ மாறும். கெவாசிங்கோ மரத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. சீனத்து மரச்சாமான் சந்தை அதைத் தேடத் தொடங்கியதும் அதன் விலை ஏறியது. 2018இல் அதை வெட்டத் தடை வந்தது. 2019இல் ஓவென்டோ துறைமுகத்தில் பிடிபட்ட கெவாசிங்கோ கொள்கலன்களில் 300க்கும் மேற்பட்டவை காணாமல் போயின. காட்டுத்துறை அமைச்சர் பதவி இழந்தார்.

அளந்தவர் கையில் இருப்பது

1858இல் ஜெர்மானியக் காட்டியலாளர் எட்மண்ட் ஃபான் பெர்க் பின்லாந்தைச் சுற்றிப் பார்த்து, இந்த மக்கள் தங்கள் காட்டை அழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். தாருக்காகவும் எரிபுல விவசாயத்துக்காகவும் தெற்குக் காடுகள் பல தலைமுறையாகத் தேய்ந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டே அரசுக் காடுகளுக்கான நிர்வாகம் அமைந்தது. 1886இல் காட்டை அழிப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. இருந்தும், எவ்வளவு மரம் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தெரிய வைத்தவர் யூர்யோ இல்வெஸ்ஸாலோ. 1921 முதல் 1924 வரை அவர் தலைமையில் அளவைக் குழுக்கள் நாட்டின் குறுக்கே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக இணைகோடுகள் போட்டு, அந்தக் கோடுகளின் வழியே 13,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து மரங்களை அளந்தன. ஒரு நாட்டின் காடு முழுவதையும் புள்ளியியல் மாதிரி முறையில் அளந்த முன்னோடி முயற்சிகளில் இது தலையாயது. அன்று தொடங்கி அந்த அளவை சுற்றுச் சுற்றாக நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் கரேலியா முதலான பகுதிகளை அவற்றின் காடுகளோடு சோவியத் ஒன்றியத்திடம் இழந்த பின்னும், 1920களின் இருப்பைவிட அதிக மரத்தை இந்த நூறாண்டுக்குள் வெட்டி எடுத்த பின்னும், இன்று நிற்கும் மரம் அன்று இருந்ததைவிட மிகுதி. இதைத் துணிந்து சொல்ல முடிவதற்குக் காரணம் அந்த நடை.

இந்த நூறாண்டு நடையை நான் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். அளந்து வைத்திருப்பவருக்கு மரத்தைக் கடனுக்கு ஈடாக வைக்க முடியும், விலை பேச முடியும், வெட்டு மிஞ்சுகிறதா என்று சொல்ல முடியும். பின்லாந்தில் வட்டாரவாரியாக நிலைமர விலை வெளியாகிறது. அறுவடை இயந்திரம் கட்டையை வெட்டும்போதே நீளத்தையும் விட்டத்தையும் பதிந்துவிடுகிறது. காபோனில் காடு முழுவதற்குமான மாதிரி அளவை இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் வேர்விட்டது. பின்லாந்தின் மாதிரித் திட்டுகள் பல்லாயிரம் என்றால் அங்கே நூறு சொச்சம். உலகப் பட்டியலில் இரண்டு நாட்டு எண்களும் ஒரே அச்செழுத்தில், ஒரே பத்தியில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றின் பின்னால் நூறாண்டு உழைப்பு இருக்கிறது. மற்றதன் பின்னால் பெரும்பாலும் ஊகம். படிப்பவருக்கு இது தெரிவதில்லை என்பது இந்தப் பட்டியல்களின் பெருங்குறை.

ஆளுக்கு என்றால் எந்த ஆளுக்கு?

தலாவீதம் என்ற சொல்லே ஒரு கற்பனைப் பங்கீடு. காட்டை யாரும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதில்லை. ஆனால் இரண்டில் ஒரு நாட்டில் அந்தக் கற்பனை ஓரளவு உண்மைக்கு அருகில் வருகிறது. பின்லாந்தின் காட்டு நிலத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். உரிமையாளர் சுமார் 6 லட்சம் பேர். இது தானாக நேர்ந்ததன்று. மரக் கம்பெனிகள் உழவர்களிடமிருந்து நிலம் வாங்கிக் குவிப்பதை 20ஆம் நூற்றாண்டின் முதற்கால் பகுதியிலேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். போரில் இழந்த கரேலியாவிலிருந்து வந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடியமர்த்த 1945இல் வந்த நிலச் சட்டம், வயலோடு காட்டையும் பங்கிட்டுக் கொடுத்தது. வீட்டுக்குக் கூரை மாற்றவோ பிள்ளையைப் படிக்க வைக்கவோ ஓர் உழவர் தம் காட்டில் ஒரு மூலையை விற்கலாம். தலாவீத யூரோவில் ஒரு பங்காவது வீட்டு வாசலை எட்டுகிறது.

காபோனில் காடு அரசின் உடைமை. கம்பெனிகள் நீண்டகால வெட்டுரிமை பெற்று வெட்டுகின்றன. அரசுக்கு வரி வருகிறது. மக்களில் பத்தில் ஒன்பது பேர் நகரவாசிகள்; தலைநகர் லிப்ரவில்லில் வாழும் ஒருவருக்குத் தம் பங்கு என்று பட்டியல் காட்டும் 25 ஏக்கர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரிய வழியில்லை. காட்டோரம் வாழ்பவருக்குத் தெரியும். அவருக்கு அது வேறு வகையில் சொத்து. மோவாபி மரத்தின் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். அதே மரம் மரக்கம்பெனிக்கு உயர்ந்த ரகக் கட்டை. நின்றால் ஊராருக்கு ஆண்டுதோறும் எண்ணெய், விழுந்தால் ஏற்றுமதியாளருக்கு ஒரே தடவை விலை. மரவளக் கணக்கில் ஏறுவது இரண்டாவதுதான். 2009இல் மோவாபி உள்ளிட்ட சில மரங்களை வெட்ட அரசு தடை விதித்தபோது, கணக்கின்படி நாட்டின் மரவளம் குறைந்திருக்க வேண்டும். ஊராரின் வளம் குறையவில்லை, காப்பாற்றப்பட்டது. பின்லாந்திலும் இதற்கு இணை உண்டு. லாப்லாந்தின் முதிர்ந்த காடுகளில் மரக்கிளையில் தொங்கும் பாசிக்கற்றை, பனிக்காலத்தில் கலைமான்களுக்குத் தீவனம். அந்தக் காட்டை வெட்டுவது பற்றிச் சாமி இனத்து மேய்ப்பர்களுக்கும் அரசுக் காட்டு நிறுவனத்துக்கும் பல ஆண்டு பிணக்கு நடந்திருக்கிறது.

வகுக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற 1960இல் காபோனின் மக்கள்தொகை 5 லட்சம் அளவில் இருந்தது. இன்று அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. பின்லாந்தில் அதே காலத்தில் 44 லட்சம் 56 லட்சமாயிற்று. காபோன் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் இருந்திருந்தாலும் அங்கே நிற்கும் மரத்தின் தலாவீத எண் ஐந்தில் ஒன்றாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவைப் பார்த்துக் காட்டழிவு என்று முடிவுகட்டுபவர் தவறுகிறார். காட்டழிவு விகிதம் மிகக் குறைந்த வெப்பமண்டல நாடுகளில் காபோனும் ஒன்று.

உருளைக்கட்டைத் தடை: ஒரு சோதனை

2010இல் காபோன் அரசு, அறுக்காத உருளைக்கட்டைகளை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. மரம் உள்நாட்டிலேயே அறுபட வேண்டும், உரிபட வேண்டும், வேலை உள்ளூரில் பெருக வேண்டும் என்பது நோக்கம். லிப்ரவில்லிலிருந்து 27 கிலோமீட்டர் தொலைவில் இங்கோக் சிறப்புப் பொருளாதார மண்டலம் எழுந்தது. இங்கே நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. மியான்மர் 2014இல் உருளைக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பின், இந்தியப் பிளைவுட் தொழில் மேல்தாளுக்கு வேறு மரம் தேடியது. இந்திய முதலாளிகள் இங்கோக்கில் வினியர் ஆலைகள் அமைத்தார்கள். சென்னையிலோ கோவையிலோ அலமாரி செய்ய வாங்கும் பிளைவுட் பலகையின் மேல்தாள் ஒக்குமேயாக இருக்கலாம்.

இந்தத் தடையை மரவளக் கணக்கு எப்படிப் படிக்கும்? ஏற்றுமதிச் சந்தை மூடப்பட்டதும் உள்நாட்டில் கட்டையின் விலை இறங்கும்; வெட்டும் குறையும். வாரம் சுருங்கும், மரவளம் சரியும். ஆலையில் சேரும் மதிப்பும் கூலியும் வேறு பத்தியில், வேறு தலைப்பில் போய்விடும். மூல மரத்தை மலிவாக ஆலைக்குக் கொடுப்பது நாட்டுக்கு நட்டம் என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆலை திறமையற்றதாக இருந்தால் மரம் வீணாகும். ஆயினும் வேருக்குப் பக்கத்தில் நின்று விலை கேட்கும் ஒரு கணக்கு, ஒரு நாடு தன் மரத்தை என்ன செய்ய விரும்புகிறது என்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றது என்பதே என் துணிபு. பின்லாந்தும் காகித ஆலைகளின் பெருவருமானத்தை மரவளப் பத்தியில் காட்டுவதில்லை. அவ்வளவு பெரிய ஆலைத்தொழில் வாங்கக் காத்திருப்பதாலேயே அங்கே மெலிந்த பைன் கட்டைக்கும் விலை கிடைக்கிறது.

வட்டம் கழிப்பதில் கழிந்துபோவது

ஜெர்மானியரான மார்ட்டின் ஃபாஸ்ட்மான் 1849இல் வெளியிட்ட சூத்திரம், காட்டு நிலத்தின் மதிப்பை வருங்கால வெட்டுகளின் இன்றைய மதிப்பாகக் காண வழிகாட்டியது. இன்றைய செல்வக் கணக்கும் அதே தருக்கத்தில் நிற்கிறது. 4 விழுக்காட்டில் 80 ஆண்டு கழித்து வரும் 1 யூரோவின் இன்றைய மதிப்பு 4 செண்டைச் சற்றே தாண்டும். பின்லாந்தில் இந்த வசந்தத்தில் நடும் பைன் கன்று இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நட்டவர்கள் அப்படி நினைத்திருந்தால் அங்கே காடே மிஞ்சியிருக்காது.

எண்ணில் ஏறாத செலவும் உண்டு. மர வளர்ச்சியைக் கூட்டுவதற்காகப் பின்லாந்து, பெரும்பாலும் 1960களிலும் 1970களிலும், சுமார் 50 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் கரிநிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தது. மரம் வளர்ந்தது; மரவளம் பெருகியது. வடிந்த கரிநிலம் அன்றிலிருந்து கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான கணக்கில், காடு உள்ளிட்ட நிலப் பயன்பாட்டுத் துறை வாயுவை உறிஞ்சுவதைவிட வெளிவிடுவதே அதிகம் என்று முதன்முறையாகத் தெரியவந்தபோது அந்நாடு அதிர்ந்தது. வெட்டு மிகுந்ததும், வளர்ச்சி தளர்ந்ததும், கரிநிலமும் சேர்ந்து கொண்டுவந்த நிலை இது. மரவளப் பத்தி நன்றாக இருக்கும்போதே பக்கத்துப் பத்தி சிவப்புக்குப் போயிற்று.

அதே 2021இல் காபோனுக்கு ஒரு பணம் வந்தது. நடு ஆப்பிரிக்கக் காட்டு முயற்சி என்னும் அமைப்பின் வழியாக நார்வே, 2019இல் செய்துகொண்ட 15 கோடி டாலர் உடன்பாட்டின் முதல் தவணையாக 1.7 கோடி டாலர் கொடுத்தது. 2016, 2017 ஆண்டுகளில் காட்டைக் காத்து உமிழ்வைக் குறைத்ததற்கான ஈடு அது. வெட்டாத மரத்துக்கு வெளியிலிருந்து கிடைத்த முதல் விலை என்று இதைக் கொள்ளலாம். 24 லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 7 டாலர், இரண்டு ஆண்டுக் காவலுக்கு. தலாவீத மரவளம் என்ற பத்தியில் இந்த 7 டாலரை எழுத இடமில்லை.